எந்தச் சந்திரனின் பிறை

வானத்தில் ஒரு நாய் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ரேடியோ சொன்னபோது எங்கள் ஊரில் யாரும் சாட்சி கேட்கவில்லை. ரஷ்யாக்காரன் விட்ட செயற்கைச் சந்திரன், அதற்குள் ஒரு நாய். மாலைச் செய்தியில் வந்தது. இரவு இஷாத் தொழுகைக்கு முன்னர் ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை நான் டெலிபோன் கந்தோருக்கு வேலைக்குப் போகும் வழியில் நாயின் நிறம் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன.

நான் கல்முனையில் டெலிபோன் ஒப்பரேட்டர். இப்போதும் அதுதான். கொழும்பில் பயிற்சி தந்தார்கள். எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகுவது, லைன் செத்துப்போனால் பழுதை எங்கிருந்து தேடத் தொடங்குவது, வெளியூர் ட்ரங்க் கோலின் மூன்று நிமிடத்தை எப்படி அளப்பது, கத்துகிறவருக்குக் கத்தாமல் எப்படிப் பதில் சொல்வது. கடைசி நாளில் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். லைனில் காதில் விழும் எதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று அதில் இருந்தது. காதில் விழக்கூடாது என்று இருக்கவில்லை. லைன் அறுந்துவிட்டதா என்று பார்க்க இடைக்கிடை காதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஒரு முஸ்லிம் பெண் அந்த நாற்காலியில் இருப்பது பற்றியும் ஊரில் அபிப்பிராயங்கள் இருந்தன. வாப்பா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"குரல் மட்டுந்தான் வெளிய போகுது. புள்ள உள்ளுக்குத்தான் இரிக்கி."

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. செயற்கைச் சந்திரன் பற்றி வீட்டிலும் தெருவிலும் கேட்டவற்றை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தேன். லைனில் கேட்டவற்றை எழுதவில்லை. அவை இன்னும் நன்றாக இருந்தன.

ஒன்று: மழை கூடும். அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. இதைச் சொன்ன தையற்காரர் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் ஆட்கள் நின்று கேட்டார்கள்.

இரண்டு: மீன் குறையும். மேலே வெளிச்சம் ஓடினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். இது சாய்ந்தமருதுக் கரைவலைக்காரர்களின் கருத்து. பகலில் சூரியன் இருப்பதை நான் நினைவூட்டவில்லை.

மூன்று: இனி யுத்தம் வராது, எல்லாரையும் மேலேயிருந்து பார்த்துக்கொள்ளலாம். நான்கு: இனி யுத்தம்தான், எல்லாரையும் மேலேயிருந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றையும் நான்கையும் சொன்னவர் ஒருவரே. இடையில் ஒரு வாரம்.

ஐந்து: தேத்தண்ணிக் கடை ரேடியோவின் கரகரப்புக்கு அதுதான் காரணம். அந்த ரேடியோ வாங்கிய நாளிலிருந்தே கரகரத்தது.

ஆறாவது, முழுக்கப் பொய் என்பது. இது உம்மாவின் கருத்து. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார். "நாயச் சட்டிக்குள்ள அடைச்சி மேல அனுப்புறவன் சென்னத்தையா நம்புற?" என்றார்.

மழைநீர்ப் பிரச்சினையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை, அது ஒரு வாரத்துக்கு மேல் நீண்டதால். நாய் தொட்ட தண்ணீர் எங்களுக்கு ஆகாது. நாய் பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. நாய் மேலே நின்றால் அதற்குக் கீழே பெய்யும் மழைநீரில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யலாமா என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். பிறகு பலர் பகிடியில்லாமல் கேட்டார்கள். கடைசியில் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் கதீபிடமே போயிற்று. அவர் பொறுமையான மனிதர்.

"மேகம் எங்க, நாய் எங்க? நாய் மேகத்துக்கும் மேல. தண்ணிய எடுத்து ஒளுச் செய்ங்க," என்றார்.

"அது மேல இருந்து ஒண்டுக்கு இருந்தா, ஹஸரத்?"

"ரஷ்யாக்காரன் அதுக்கும் ஏதாலும் செஞ்சிரிப்பான்."

இந்தப் பேச்சுகளில் எல்லாம் மிக ஈடுபாட்டோடு இருந்தவர் என் மச்சான். ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். மருதமுனை நெசவாளி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் வந்தபோது பெட்டியோடு தறியும் வந்தது. வீட்டின் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு அதில் வைத்தார்கள்.

அவருடைய கண் ஊரில் பெயர் பெற்றது. தறியில் ஆயிரம் இழைக்குள் ஒன்று அறுந்திருந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். பிறையும் அப்படித்தான். நாலைந்து வருடமாக நோன்புப் பிறையை எங்கள் பள்ளிக்கு வந்து சொன்னது அவர்தான். நோன்பு தொடங்குவதற்கு நேர்மையான ஒரே ஒரு மனிதரின் சாட்சி போதும். மச்சான் வந்து நின்று 'கண்டேன்' என்றால் கதீபு பள்ளியின் நகரா முரசை அடிக்கச் சொல்வார், ஊர் விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவுக்கு ஆயத்தமாகும். இது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் நோன்புக்கு முந்திய ஷாபான் மாதம் கடைசி வாரத்தில் அவர் கண்ணுக்கு ஆகாதென்று வெயிலில் போகமாட்டார்.

செயற்கைச் சந்திரனை அவருக்குக் காட்டியது நான்.

போஸ்ட் மாஸ்டரின் ஆங்கிலப் பத்திரிகையில் அது இலங்கைக்கு மேலால் போகும் நேரம் போட்டிருந்தார்கள். மழை விட்டு அறுவடை தொடங்கியிருந்த நாட்கள். பொழுதுபட்ட கையோடு முற்றத்தில் நின்றோம், நான், ராத்தா, மச்சான். உம்மா குசினி வாசலிலிருந்து எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தி ஒரு வெளிச்சம் வந்தது. நட்சத்திரம் போல, ஆனால் நடந்து போகிற நட்சத்திரம். மச்சான்தான் முதலில் கண்டார்.

"இந்தா போகுது, இந்தா போகுது! மச்சி, அதுக்குள்ளயா நாய்?" என்று என்னைக் கேட்டார். மனைவியின் தங்கையான நான் அவருக்கு மச்சி.

"அது செத்துட்டாம் மச்சான்."

"இன்னாலில்லாஹி," என்றார். பிறகு, மனிதர் இறந்தால் சொல்வதை நாய்க்குச் சொல்லலாமா என்று யோசித்தார்.

மறுநாள் பசார் முழுவதும் அவருக்கு ஒரே கதை. 'ரஷ்யாட சந்திரன நான் கண்டன்.' நான் அந்த நேரத்தில் ஒன்று செய்திருக்கவேண்டும். அது சந்திரன் இல்லை, பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் என்று தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். தமிழ்ப் பத்திரிகைகள் 'செயற்கைச் சந்திரன்' என்று எழுதின, ஒன்று 'குட்டிச் சந்திரன்' என்று எழுதியது. சந்திரன் என்றால் வளரும், தேயும். வளர்ந்து தேய்ந்தால் பிறை இருக்கும். இதை முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி மரைக்கார், பள்ளி நிர்வாகத்தில் பெரியவர், கடைத்தெருவில் நெல் வியாபாரம். "இனி வானத்துல ரெண்டு பிறை. நோன்ப எதப் பாத்துப் பிடிக்கிற?" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் அது பகிடியிலிருந்து அபிப்பிராயம் ஆகிவிட்டது.

ஷாபான் இருபத்தொன்பதாம் நாள் பொழுதுபட மச்சான் சைக்கிளில் வயல் பக்கம் போனார். எங்களுக்குக் கிழக்கே கடல். பிறை மேற்கே, நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களுக்கு மேலே தெரியவேண்டும். அன்று மேற்கே முகில். ஊரிலிருந்து போன மற்றவர்கள் காணவில்லை என்று திரும்பிவிட்டார்கள். மச்சான் கடைசிவரை நின்றார். முகில் விலகிய ஒரு சின்ன இடைவெளியில் கண்டார். நேரே பள்ளிக்குப் போனார்.

பள்ளிக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. வாப்பா சொன்னதையும், மச்சான் சொன்னதையும், பள்ளியை ஒட்டிய வீட்டுக்காரி மதிலால் கேட்டதையும் வைத்து, மூன்றும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

மரைக்கார் கேட்டார். "எதக் கண்டீங்க?"

"பிறையக் கண்டன்."

"எங்கட பிறையா, ரஷ்யாட பிறையா?"

பள்ளிக்குள் சிரிப்பு. மச்சானும் சிரித்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் யோசித்தார்.

கதீபு சிரிக்கவில்லை. "பகிடிய விடுங்க. தம்பி, நீங்க கண்டது பிறைதானா? மனசுல சந்தேகம் இரிக்கா?"

"நான் கண்டது பிறை. அதுல சந்தேகம் இல்ல."

"மறுகா என்ன?"

"ரஷ்யாட சந்திரனுக்கும் பிறை இரிந்தா அது எப்படி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியா, ஹஸரத். தெரியாததத் தெரியும் எண்டு பள்ளிக்குள்ள நிண்டு செல்ல ஏலா."

 அப்போது ஒருவர், தெற்கே அக்கரைப்பற்றில் பிறை கண்டார்களா என்று டெலிபோன் பண்ணிக் கேட்டால் என்ன என்றிருக்கிறார். கதீபு மறுத்துவிட்டார். சாட்சி சொல்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும், கம்பியில் வருவது சாட்சி ஆகாது என்றார். முகத்தைப் பார்க்கக்கூடிய சாட்சி ஒருவர் முன்னால் நின்றார். அவருக்கோ சந்தேகம். கதீபு ஷாபானை முப்பதாகப் பூர்த்தி செய்தார், நோன்பு ஒரு நாள் தள்ளிப்போயிற்று. நகரா அடிக்கவில்லை.

மச்சான் வந்து கொட்டிலில் தறிப் பலகையில் உட்கார்ந்தார். ராத்தா பின்னாலேயே போனாள்.

"இஞ்சாருங்க, கண்டத்தக் கண்டன் எண்டு செல்லிட்டு வாறத்துக்கு என்ன? ஆரு உங்கள அவ்வளவு தூரம் யோசிக்கச் சென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். "மச்சி, நீ படிச்ச புள்ள. அதுக்குப் பிறை இரிக்கா, இல்லியா?"

நான் அவருக்கு முன்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, லைனில் பழுது தேடுவது போலத் தேடினேன்.

"நீங்க இண்டைக்குக் கண்டது நகந்ததா?"

"இல்ல. நிண்ட இடத்துல நிண்டு மெல்லக் கீழ இறங்கினது."

"முற்றத்துல நாம கண்டது?"

"அது ஓடின."

"இண்டைக்குக் கண்டத்திட தடிப்பு?"

"எண்பதாம் நம்பர் நூல். ஒத்தை இழை."

"முனை ரெண்டும் எங்க பாத்த?"

"மேல. தோணி மாதிரி."

அந்த ரஷ்யச் சாமான் இந்தத் தறியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அது அவ்வளவு உயரத்தில் போகும்போது நம் கண்ணுக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு முனை கிடையாது. வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குச் சில நிமிடங்களில் போய்விடும், ஓர் இடத்தில் நிற்காது. சந்திரன் என்பது பெயர் மட்டும்.

மச்சான் தறியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது. பிறகு எழுந்து சட்டையைத் தேடினார்.

வாப்பா வாசலில் நின்றார். "இப்ப போய் என்ன செல்லப் போறீங்க மருமகன்? மச்சி சென்னா எண்டா? முந்திச் சிரிச்சதுக்கு மேலால சிரிப்பாங்க."

மச்சான் சட்டையைத் திரும்ப ஆணியில் கொழுவினார். "அப்ப நான் நாளைக்கு நோன்பு," என்றார்.

மார்க்கம் அப்படி. தன் கண்ணால் பிறை கண்டவர், ஊர் ஏற்காவிட்டாலும் நோன்பு பிடிக்கவேண்டும். அவரை உண்மையாளர் என்று நம்புகிறவர்களும் பிடிக்கவேண்டும். ஆகவே மறுநாள் எங்கள் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே அவரை யார் நம்பவில்லை என்று தெரிந்துவிடும். ராத்தா அவரோடு நோன்பு பிடித்தாள். உம்மாவும் வாப்பாவும் பள்ளியின் பக்கம். நான், மச்சான் பொய் சொல்லவில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். கண்டது ரஷ்யச் சாமான் இல்லை என்பதிலும் உறுதி. ஆனால் முகிலின் வெளிச்சமான விளிம்பு என்று மூன்றாவது சாத்தியம் ஒன்று இருந்தது. அதை என்னால் வெட்டிவிட முடியவில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். மச்சான் கொட்டிலுக்குப் போகிற வழியில் என் தட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ரொட்டி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்பது மணியளவில் மரைக்காரின் கடையிலிருந்து ட்ரங்க் கோல் கேட்டார்கள். அக்கரைப்பற்று. இணைத்தேன். லைன் பிடித்ததா என்று காதைக் கொடுத்தேன். நான் கையெழுத்திட்ட கடதாசியின்படி இந்த இடத்தில் நான் நிறுத்தவேண்டும். ஆனால் இந்தப் பேச்சை அன்று மாலையில் மறுமுனைக்காரரே கடைத்தெருவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டதால், அது இனி இரகசியம் இல்லை.

"லொறி வெளிக்கிட்டுட்டா?" என்றார் மரைக்கார்.

"வெளிக்கிடும், வெளிக்கிடும். கத்தாதீங்க மரைக்கார். இண்டைக்குத் தலைநோன்பு, எனக்குத் திருப்பிக் கத்த ஏலா."

"என்ன நோன்பு?"

"என்ன நோன்பா? இஞ்ச நேத்து நாலு பேர் பிறை கண்டு நகரா அடிச்சாச்சி. அங்க இல்லியா?"

அதுவரை லைனில் ஒரு நொறுங்கும் சத்தம் இருந்தது. லைன்களின் சத்தங்கள் எனக்குத் தெரியும், இது லைனின் சத்தம் இல்லை. மரைக்கார் கடிக்கும் விசுக்கோத்து. அது நின்றது.

"சரி, சரி. லொறிய அனுப்புங்க," என்றார் மரைக்கார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது சாத்தியம் முடிந்தது. அக்கரைப்பற்றில் நாலு பேர் ஒரே முகில் விளிம்பைக் கண்டிருக்கமாட்டார்கள். அதாவது ஊரில் மச்சானைத் தவிர இரண்டு பேருக்கு இப்போது உண்மை தெரியும். ஒருவர் சொல்லலாம். மற்றவர் சொல்லக்கூடாது.

மரைக்கார் சொல்லிவிடுவார் என்று மத்தியானம்வரை எதிர்பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போகும்போது அவருடைய கடை வாசலில் போட்ட வாங்குப் பலகையில் நாலைந்து பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் நெல் மாதிரியை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இன்னும் பலமாக ஊதினார்.

வீட்டில் உம்மா எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தார். மச்சான் தொழுதுவிட்டு வந்து சுவரோடு சாய்ந்திருந்தார். பகல் தொடங்கியபின் இன்று ரமழான் என்று தெரியவந்தால், காலையில் சாப்பிட்டவரும் அந்த நேரத்திலிருந்து எதுவும் உண்ணாமல் இருக்கவேண்டும். பிறகு ஒரு நோன்பைக் கழாவாக, விட்டதற்கு ஈடாக, பிடித்துக் கொடுக்கவேண்டும். நான் கைகழுவவில்லை.

"என்ன கா, சோறு ஆறுது," என்றார் உம்மா.

"வேணா உம்மா."

"வயித்துல என்ன?"

"ஒண்டுமில்ல."

"மறுகா ஏன்?"

"பசிக்கல்ல."

பசியின்மை பற்றி இரகசியக் கடதாசியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. உம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

மச்சான் என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். "மச்சி, காலத்தால தின்னதானே?"

"ஓம் மச்சான். தின்னன்."

"மறுகா?"

"மறுகா கந்தோருக்குப் போனன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியும், நான் கையெழுத்துப் போட்டதைப் பெருமையாக ஊரில் சொன்னவரே அவர்தான். வாசலில் நின்று அறுந்த இழையைத் தேடுகிற பார்வை. சோற்றை மூடி வை என்று ராத்தாவிடம் சொன்னார். பிறகு முதல் நாள் இரவு கொழுவிய சட்டையை எடுத்தார்.

அவர் நேரே மரைக்காரின் கடைக்குப் போயிருக்கிறார். யாரும் அவரை அனுப்பவில்லை. எந்தக் கடையின் டெலிபோன் அக்கரைப்பற்றோடு அடிக்கடி பேசும் என்பது ஊருக்கே தெரியும்.

"மரைக்கார், அக்கரைப்பத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேப்பமா? அங்க பிறை கண்டாங்களா எண்டு."

"கம்பியில வாறது சாட்சி இல்ல எண்டு கதீபு சென்னது உங்கட காதுல விழல்லியா?"

"சாட்சிக்கு இல்ல. செய்திக்கு. நாயிட செய்தி கம்பியும் இல்லாம வந்தது. நாம எல்லாரும் நம்பினம்தானே?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நேற்றுப் பள்ளியில் சிரித்தவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். "எடுங்க மரைக்கார், கேப்பம்!" என்று ஒருவர் சொன்னார். இத்தனை பேருக்கு முன்னால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

என் போர்டில் அழைப்பைக் காட்டும் மூடி அவருடைய இலக்கத்தில் விழுந்தது. "அக்கரைப்பத்து தாங்க புள்ள," என்றார் மரைக்கார். அவசரமில்லாத குரல். லைன் கிடைக்காது என்று நம்புகிறவரின் குரலை ஒப்பரேட்டர்கள் அறிவார்கள். லைன் உடனே கிடைத்தது.

மரைக்காருக்கும் ஒரு தொழில்நுட்ப அபிப்பிராயம் உண்டு. கம்பியில் வரும் கரண்ட் காதுக்குக் கூடாது என்பது. ஆகவே அவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். மறுமுனைக்காரர் பேசுவது அவருக்கும் கேட்கும், வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"அங்க பிறை… கண்டாங்களாமா?"

"என்ன மரைக்கார், காலத்தாலயே சென்னனே! நாலு பேர் கண்டது, தலைநோன்பு எண்டு! நீங்களும் சரி சரி எண்டீங்களே!" நோன்பாளியாக இருந்தும் அவர் நன்றாகக் கத்தினார்.

 பிறகு மரைக்கார், "புள்ள, லைன் சரியில்ல. வெட்டு," என்றார்.

வெட்டினேன். ஒவ்வொரு ட்ரங்க் கோலுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதவேண்டும். நேரம், இலக்கம், எத்தனை நிமிடம், லைன் எப்படி இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'மிகத் தெளிவு' என்று எழுதினேன். வழக்கமாகத் 'தெளிவு' என்று மட்டும்தான் எழுதுவேன்.

கடையிலிருந்து செய்தி பள்ளிக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நான் அளக்கவில்லை. பொழுதுபடும் மஃரிபுத் தொழுகைக்கு முன் கதீபு மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். டெலிபோனில் வந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் முதல் நாள் கேட்ட கேள்வியைத்தான் மறுபடி கேட்டார், மனதில் சந்தேகம் இருக்கிறதா என்று. மச்சான் இல்லை என்றார். அப்படியானால் நேற்று ஏன் இருந்தது என்று மரைக்கார் மெல்லக் கேட்டாராம். ரஷ்யாட சாமான் என்ட தறியிட அளவுதான் எண்டு நேத்து எனக்குத் தெரியா என்றார் மச்சான். கதீபு சாட்சியை ஏற்றார். அன்றைய நாளே முதல் நோன்பு, சாப்பிட்டவர்கள் எல்லாம் பெருநாளுக்குப் பிறகு ஒன்று கழாப் பிடிக்கவேண்டும் என்று அறிவித்தார்.

அன்று மாலை முகில் இல்லை. பிறை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டாம் நாள் பிறை, தடிப்பாக, வெகுநேரம் நின்றது. தையற்காரர் அதில் பாதி ரஷ்யாவினுடையது என்றார். அதையும் சிலர் நின்று கேட்டார்கள்.

பெருநாள் முடிந்து ஒரு வியாழக்கிழமை நானும் உம்மாவும் வாப்பாவும் கழாப் பிடித்தோம். வெயில் அகோரம். மச்சானுக்கும் ராத்தாவுக்கும் நோன்பில்லை, ஆனால் ராத்தா எங்களுக்கு மறைவாகத்தான் சாப்பிட்டாள். பின்னேரம் அவள் கிணற்றடியிலிருந்து வந்து குடத்தை இறக்காமலே கொட்டில் வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்க, கிணத்தடியில பொம்புளயள் எல்லாம் என்னோட சண்டை. உன்ட புருஷனால எங்களுக்கு ஒரு நோன்பு கூடிப்போச்சி எண்டு."

மச்சான் தறியை நிறுத்தவில்லை. "கூடினத்துக்குக் கோவிக்கட்டும். பொய் சென்னான் எண்டு ஒருத்தரும் செல்லல்லதானே?"

ராத்தா குடத்தை இறக்கி வைத்தாள்.

"செல்றாங்க. கொஞ்சப் பேர்."

தறி நின்றது. "எத்தின பேர்?"

ராத்தா விரல்களை மடித்து எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது விரலில் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை மறுபடி நிமிர்த்தினாள்.

"ரெண்டு," என்றாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியது.